முதல் படத்தில் இருப்பவர்

மறுபடியும் நான்தான் முதலில் வந்து நிற்கிறேன், 'பெண்ணின் படம் கீழே' என்று நான் எழுதிய வரிக்கு நேர் கீழே, பாஸ்போர்ட் சைஸில், காது இரண்டும் தெரிய, நெற்றியில் வேர்வை மின்ன, நாற்பதைத் தொடப்போகிற நான்... பெண் எங்கே என்றால் அவள் எனக்கும் கீழே கிடக்கிறாள், மவுஸ் சக்கரத்தை உருட்டோ உருட்டென்று உருட்டினால்தான் தங்கை காவ்யஸ்ரீயின் பச்சைப் பட்டுப்புடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது, எவன் உருட்டுவான், வரன் பார்க்கிறவர்களுக்கு அம்புட்டுப் பொறுமை இருந்தால் நாட்டில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணம் எப்போதோ முடிந்திருக்கும். ஆறு மணிக்கு எங்கள் ஆட்களின் ஃபோரத்தில் இந்த வரன் பகுதியைப் பூட்டிவிடுவார்களாம். பூட்டியபின் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது, ஒரு படத்தையும் எடுக்க முடியாது, இருப்பது இருந்தபடி பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடக்கிற கூட்டத்தில் வருகிற குடும்பத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். சேலம், பரமக்குடி, கும்பகோணம், எங்கெங்கே சௌராஷ்ட்ரக்காரர்கள் இருக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் வருகிறார்கள், வந்து, என் தங்கை பெயருக்குக் கீழே, அவள் நட்சத்திரத்துக்குக் கீழே, வயது இருபத்தேழு என்பதற்குக் கீழே, என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். இப்போது மணி ஐந்தாகப்போகிறது.

மத்தியானம் தம்பி பெங்களூரிலிருந்து போன் பண்ணியபோது நான் கையெல்லாம் பசையோடு ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன், எடுத்ததும், அக்கா உனக்கு அறிவிருக்கா என்றான், வெங்கடேஷ்பாபு சாதாரணமாக என்னிடம் வீட்டுப் பாஷையில்தான் பேசுவான், கோபம் வந்தால்தான் தமிழுக்கு மாறுவான், அப்பாவும் அப்படித்தான், சௌராஷ்ட்ராவில் திட்டினால் ஒட்டாது என்பார். "காவ்யாவுக்கு வரன் பாக்கச் சொன்னா உன் போட்டோவ எதுக்குப் போட்ட? நான் ஆபீஸ்ல தொறந்து பாக்குறேன், பக்கத்துல நிக்கிறவன் இதான் உன் தங்கச்சியாங்கறான்." நான் எங்கேடா போட்டேன், நான் போடவே இல்லையே என்றேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். "போடாம அதுவா நடந்து வந்துச்சா? சேலத்துக்காரம்மா கீழ என்ன எழுதிருக்குன்னு போய்ப் பாரு. அத மட்டும் எடுத்துரு, வேற எதையும் தொடாத." அதை மட்டும் எடுத்துவிடு. சொல்லுகிறவனுக்கு வாய் வலிக்காது. அங்கிருந்தே அவன் எடுத்துவிடலாமே என்றால், அக்கா அது உன் பேர்ல போட்ட பதிவு, நீதான் உள்ள போகணும், பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா என்கிறான், எனக்கு மீட்டிங் இருக்கு என்கிறான். எனக்கு மீட்டிங் இல்லை, எனக்கு மேலூர்க்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பம்தான் இருக்கிறது, நாளைக்குக் காலையில் வந்து நிற்பார்கள், அதைப் பாதியில் வைத்துவிட்டு, ஸ்டுடியோ முதலாளியிடம், காசிமாயன் அண்ணே, ஒரு மணி நேரம் பெர்மிஷன் குடுங்க, தங்கச்சி விஷயம் என்று கெஞ்சிவிட்டு, காளவாசல் சிக்னலில் திருமங்கலம் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடிவந்தேன்.

சேலத்துக்காரம்மா எழுதியிருந்தது ஒரே ஒரு வரி, 'பெண்ணுக்கு இருபத்தேழு என்று போட்டிருக்கிறீர்கள், படத்தில் அதற்குமேல் தெரிகிறதே, உண்மை வயதைச் சொல்லுங்கள்.' மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த மரியாதைதான் சுருக்கென்று குத்துகிறது. அவர் பையன் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான், ஒரே பையன், காவ்யாவே ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு அந்தப் பையன் போட்டோவை இரண்டாம் தடவை பார்த்தாள், இதுவரை எந்தப் போட்டோவையும் அவள் இரண்டாம் தடவை பார்த்தவளில்லை. அது என்னால் கெட்டுப்போனது என்று ஆகிவிட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், சொல்லாமலே சாகும்வரை ஞாபகம் வைத்திருப்பாள்.

எப்படி ஏறியது இந்தப் போட்டோ... எப்படி என்று தெரியாமலா, எல்லாம் தொழில் புத்திதான். ஆல்பத்தில் நான் எதையும் நேராக ஒட்டமாட்டேன், மாலை மாற்றுகிற படத்தை எங்கே வைப்பது, அதற்குப் பக்கத்தில் தாலி கட்டுகிற படம் பெரிதாகவா சிறிதாகவா, முதலில் உதவாத படம் ஒன்றை, கண்ணை மூடிவிட்ட மாமா, தலை வெட்டுப்பட்ட அத்தை, இப்படி ஏதாவது ஒன்றை அந்த இடத்தில் சும்மா வைத்துப் பார்ப்பேன், டம்மி என்போம், இடம் சரியாக இருந்தால் டம்மியை எடுத்து எறிந்துவிட்டு நல்ல படத்தை ஒட்டுவேன். நேற்றும் அதைத்தான் செய்தேன். இந்த ஃபோரத்தில் படம் எப்படி விழும் என்று தெரியாது, காவ்யாவின் நல்ல படத்தைப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, பர்ஸில் ஸ்டுடியோ ஐடி கார்டுக்கு எடுத்த என் போட்டோ ஒன்று கிடந்தது, இதை வைத்துப் பார்ப்போம் என்று ஸ்கேன் பண்ணி ஏற்றினேன், எழுத்துக்கு நடுவில் அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒரு வரி வந்தது, சரி, இங்கேதான் படம் வரும் போல என்று தெரிந்துகொண்டு அந்த வரியை அழித்தேன், அழித்தால் போய்விட்டது என்றுதானே அர்த்தம், பிறகு காவ்யாவின் படங்களை ஏற்றினேன், அனுப்பு என்பதை அமுக்கினேன், பஸ் போய்விடும் என்று எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. டம்மி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணை மூடிய மாமாவாவது ஒட்டியிருக்கக்கூடாதா?

"என்னக்கா, இன்னும் முடியலையா?" நுஸைபா கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், இந்த சென்டர் அவள் வீட்டுக்காரர் முகமது யாசீனுடையது, அவர் தொழுகைக்குப் போனால் இவள்தான் பார்த்துக்கொள்வாள். முடியலம்மா என்றேன், அழித்தால் போகமாட்டேன் என்கிறது என்றேன், அவள் வந்து என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, "இது நீங்கதானே? நல்லாத்தான இருக்கு" என்றாள். நல்லா இருக்கா இல்லையா என்பதா இப்போது பேச்சு! "அடியில பெண்ணோட படத்த இன்னொரு வாட்டி ஏத்துங்கக்கா, புதுசா ஏத்துறது மேல வந்துரும்ல, நம்ம இன்பாக்ஸ் மாதிரி." அது நியாயமாகத்தான் பட்டது, புதியது மேலே, பழையது கீழே, உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தானே நடக்கிறது. ஏற்றினேன். புதிதாக ஸ்கேன் பண்ணிய ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று சிவப்பில் திட்டியது, நேற்று திட்டவில்லை, இன்றைக்குத் திட்டுகிறது, நேற்று ஸ்கேன் பண்ணும்போது நுஸைபா எதையோ குறைத்து வைத்திருந்தாளாம், இன்று யாரோ கூட்டிவைத்துவிட்டார்களாம். பெயிண்டில் திறந்து அகலத்தைப் பாதியாக்கினேன், உயரத்தைப் பாதியாக்க மறந்துவிட்டேன், என் தங்கை முருங்கைக்காயாகிவிட்டாள், நுஸைபா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடக்கி அடக்கிப் பார்த்தும் கொஞ்சம் வந்துவிட்டது, வந்ததற்காக இன்னும் எரிச்சலாக இருந்தது. மறுபடி திறந்து, இரண்டையும் பாதியாக்கி, சேமித்து, ஏற்றி, அனுப்பி, பக்கம் மெதுவாகத் திறந்து... முதலில் நான். அப்புறம் காவ்யா, அப்புறம் காவ்யா, அப்புறம் மறுபடியும் அதே காவ்யா, அதே காவ்யா. இரட்டைப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிற தாய் மாதிரி நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றும் வேண்டாம், எழுதியே தொலைத்துவிடலாம் என்று தோன்றியது, முதல் படத்தில் இருப்பவர் பெண் அல்ல, என்று அடித்தேன், அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டு அழித்தேன். வேர்வை கழுத்தில் இறங்குகிறது, மின்விசிறி கம்ப்யூட்டருக்குக் காற்று போடுகிறது, எனக்குப் போடவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவில் காசிமாயன் அண்ணே எடுத்தது, தலையத் தூக்கு, சிரிக்காத, அம்புட்டுத்தான் என்று ஒரே கிளிக், எத்தனை ஆயிரம் பேரை அந்த ஸ்டூலில் உட்காரவைத்து நேராக்கியிருக்கிறேன், ஒரு தடவைதான் நான் உட்கார்ந்தேன். கன்னத்தில் பசை காய்ந்த கோடுகூடத் தெரிகிறது. காவ்யாவின் வயதில் எனக்கும் ஒரு படம் எடுத்தார்கள், மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை, அம்மாவுடையது, கவரில் போட்டு ஊர் ஊராகப் போய்வந்தது, சில இடத்திலிருந்து திரும்பிவந்தது, சில இடத்திலிருந்து படமும் வரவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, தம்பி படித்துக்கொண்டிருந்தான், காவ்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். ராதாமணிக்கு இனிமேல் பார்க்கவேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்... ஒரு நாள் பேச்சு இருந்தது, அப்புறம் ஒரு நாள் கவனித்தபோது பேச்சு இல்லை. எப்போது நின்றது? காவ்யா பள்ளிக்கூடம் முடித்த வருஷமா, தம்பிக்கு வேலை கிடைத்த வருஷமா? நானும்தான் கேட்கவில்லை, ஊரார் கல்யாணத்தையெல்லாம் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தேன், மாலை மாற்றியபின் தாலி, தாலிக்குப்பின் மெட்டி, யாருக்கும் வரிசை தப்பியதில்லை. சரி, இது என்ன இப்போது, மணி ஆகிறது, பெண்ணைப் பாரடி முதலில்.

பக்கத்தின் அடி வரைக்கும் உருட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது, எழுதுகிற பெட்டிக்கு ரொம்பக் கீழே, விளம்பரம் மாதிரி சின்ன எழுத்தில், ஏற்றிய ஃபைல்கள் என்று தனியாக ஒரு வரிசை, அதில் முதலில் என் படத்தின் பெயர், பக்கத்தில் இரண்டு பட்டன், ஒன்று எழுத்துக்குள் வைக்க, இன்னொன்று எடுத்துவிட. அட கடன்காரா! எழுத்தில் இருப்பதை அழித்தால் எழுத்துதான் போகும், ஃபைல் இங்கே கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இடம் கொடுக்காவிட்டால் தானாகப் போய் எழுத்துக்கு அடியில் வந்த வரிசைப்படி நின்றுகொள்ளும், முதலில் ஏறியவள் முதலில். இதை ஒரு வரி எழுதிவைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? எடுத்துவிட என்பதை அமுக்கினேன். நிச்சயமாக எடுத்துவிடலாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது, நேற்றிலிருந்து ஊரைக் கூட்டிக் காட்டுகிறபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போது கேட்கிறது, ஆமாம் என்று அமுக்கினேன், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது, தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம், யூபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. "அக்கா, ரொம்ப நேரம் தாங்காது, சீக்கிரம் முடிங்க" என்று நுஸைபா அந்தப் பக்கத்து மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை ஏறிய காவ்யாக்களை எடுத்தேன், பச்சைப் புடவைப் படத்தை எழுத்துக்குள் வைத்தேன், முழு உருவப் படத்தை அதற்குக் கீழே வைத்தேன், அனுப்பினேன், இந்தத் தடவை எழுந்து போகாமல் பக்கம் திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தாள். முதலில் காவ்யா, அடுத்ததும் காவ்யா, அவ்வளவுதான், நான் இல்லை. ஆல்பத்தின் முதல் பக்கம் மாதிரி கச்சிதமாக இருந்தது. சேலத்துக்காரம்மாவுக்கு, மன்னிக்கவும், முதலில் வந்தது வேறு படம், இப்போது சரிசெய்துவிட்டேன் என்று எழுதினேன், அந்த அம்மா அங்கேயே கண்கொத்திப் பாம்பாகக் காத்துக்கொண்டிருந்திருப்பார் போல, கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது, 'இப்போது திருப்தி. மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஜாதகம் கொண்டுவாருங்கள்.' அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன், அவனுக்குப் புரியும். எழுந்து போயிருக்கலாம், மேலூர் ஆல்பம் கிடக்கிறது, அண்ணே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். எழுந்திருப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை உருட்டிப் பார்ப்போம் என்றுதான் உருட்டினேன்.

சேலத்துக்காரம்மாவின் பதில்களுக்கு நடுவில் இன்னொன்று இருந்தது, நான் பெயிண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. ஹரிராம், பரமக்குடி. 'முதல் படத்தில் இருப்பவரும் மற்ற படங்களில் இருப்பவரும் வேறு வேறு என்று நினைக்கிறேன். முதல் படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?' இரண்டாம் தடவை படித்தேன். பெயரை அமுக்கினால் அவருடைய பதிவு வந்தது, வயது நாற்பத்துநான்கு, மனைவி இறந்துவிட்டார், பள்ளிக்கூட ஆசிரியர், படம் ஒன்று, தலைகீழாக ஏறியிருந்தது, வேட்டி வானத்திலும் தலை தரையிலுமாக ஒரு மனிதர். இவருக்கும் இந்த ஃபோரம் சரிப்பட்டுவரவில்லை என்று தெரிந்ததும் என்னையறியாமல் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நுஸைபா பார்க்கிறாளா என்று திரும்பிக்கொண்டேன். இவர் உருட்டியிருக்கிறார். முதல் படத்தைப் பார்த்து, நிற்காமல், கீழே வரைக்கும் உருட்டி, ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடி மேலே போயிருக்கிறார். தம்பி பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியவில்லை, சேலத்துக்காரம்மாவுக்குத் தெரியவில்லை, இரண்டும் வேறு ஆள் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அந்தப் படம் இல்லை. இனி படிக்கிறவர்களுக்கு முதல் படம் என்றால் காவ்யா, இவர் ஏதோ கண் தெரியாதவர் மாதிரி கேட்டிருப்பதாக நினைப்பார்கள், அப்படி விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை, ஒரு பதில் போட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. மரியாதைக்காகத்தான். பெட்டியைத் திறந்து, வணக்கம், அது தவறுதலாக ஏறிவிட்ட படம், பொருட்படுத்த வேண்டாம், என்று அடித்தேன். நல்ல பதில்தான், தம்பிக்குக் காட்டினாலும் சரி என்பான். அனுப்பு என்பதன்மேல் அம்புக்குறி நிற்கிறது, விரல் அமுங்க மாட்டேன் என்கிறது. பொருட்படுத்த வேண்டாம்... என்னைப் பற்றி அப்படி இதுவரைக்கும் யாரும் வாய்திறந்து சொன்னதில்லையே, அம்மா சொன்னதில்லை, தம்பி சொன்னதில்லை, படத்தைத் திருப்பி அனுப்பியவர்கள்கூட ஜாதகம் சேரவில்லை என்றுதான் சொன்னார்கள், முதல்முதலாக நானே என் கையால் எழுதி, மண்டபத்தில் பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் கொடுக்கவா? எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது, ஃபோரத்தின்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை. அழித்தேன். அது நான்தான் என்று அடித்தேன். நான் என்றால் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும், ராதாமணி என்று சேர்த்தேன். "அக்கா, கத்துது பாருங்க, அணையப்போகுது, ஆறு மணியும் ஆகப்போகுது" என்றாள் நுஸைபா. இந்தா ஆச்சும்மா, ஒரு நிமிஷம் என்றேன். அவர் வயது கேட்கவில்லை, நட்சத்திரம் கேட்கவில்லை, முதல் படத்தில் இருப்பவர் யார் என்றுதான் கேட்டிருக்கிறார், யார் என்றால் என்ன எழுதுவது, பேருக்குப் பக்கத்தில் 'பெண்ணின் அக்கா' என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். அதையும் அழித்துவிட்டு, விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.